புகைக்கு முந்தைய மாதங்கள்

2019 ஆகஸ்ட் 19, திங்கள்கிழமை. பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரம் மதியம் மூன்று மணிக்கே இருண்டுவிட்டது. மழைமேகம் கவிந்து வெளிச்சம் மங்குவது வேறு; இது வீட்டில் விளக்குப் போட வேண்டிய இருட்டு. கார்கள் முகப்பு விளக்கை எரியவிட்டு ஊர்ந்தன. அன்று பெய்த மழையைப் பாத்திரத்தில் பிடித்தவர்கள் தண்ணீர் கரி கலந்து கறுத்திருப்பதைப் பார்த்தார்கள். தெற்கிலிருந்து வந்த குளிர்காற்று தாழ்ந்த மேகங்களைக் கொண்டுவந்திருந்தது. அமேசானின் தென்விளிம்பிலிருந்தும், பொலிவியா, பராகுவே எல்லைகளிலிருந்தும் கிளம்பிய புகை அந்த மேகத்தோடு கலந்துவிட்டது. காடு எரிந்த இடங்கள் பலவற்றுக்கும் சாவ் பாவ்லோவுக்கும் இடையே உள்ள தூரம், சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயிலில் போகும் தூரத்தையும் தாண்டும்.

அமேசான் அதற்குப் பல வாரங்கள் முன்பிருந்தே எரிந்துகொண்டிருந்தது. ஆனால் இரண்டு கோடிப் பேர் வாழும் பெருநகரத்தின் ஜன்னல்கள் இருண்ட பிறகுதான் அது செய்தி ஆனது. பத்திரிகை அலுவலகங்களும் தொலைக்காட்சி நிலையங்களும் அந்த ஜன்னல்களுக்குப் பின்னால்தான் இருக்கின்றன.

அடுத்த மூன்று நாட்களில் உலகம் முழுக்க அதே பேச்சு. ஆகஸ்ட் 22 அன்று பிரான்ஸ் அதிபர் மக்ரோன் நம் வீடு பற்றி எரிகிறது என்ற பொருளில் ட்விட்டரில் எழுதி, அந்த வாரக் கடைசியில் கூடவிருந்த ஜி-7 மாநாட்டில் இதைப் பேச வேண்டும் என்றார். அவர் அதோடு இணைத்திருந்த படத்தை எடுத்தவர் லோரன் மெக்கின்டயர். அமேசானை வாழ்நாளெல்லாம் சுற்றிய அந்த அமெரிக்கப் புகைப்படக்காரர் 2003ஆம் ஆண்டே இறந்துவிட்டார். கால்பந்து வீரர் ரொனால்டோ பகிர்ந்த படம் 2013இல், அமேசானுக்கு வெகு தெற்கே ரியோ கிராந்தே தோ சுல் மாநிலத்தில் எடுத்தது. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் அந்த வாரம் ஆறேழு படங்கள் வந்தன. வானத்தை எட்டும் செந்தழல், அதற்கு முன்னால் நிழலாக நிற்கும் மரங்கள். ஒன்றையும் சந்தேகிக்காமல் நானும் நாலு பேருக்கு அனுப்பினேன்.

பழைய படங்கள் பரவியதைக் கண்டித்துப் பலர் எழுதினார்கள். எழுத வேண்டியதுதான். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படும் கேள்வி ஒன்று உண்டு: அன்று யாராவது உள்ளே போய்ச் சரியான படத்தையே எடுத்திருந்தால், அதில் என்ன தெரிந்திருக்கும்?

மழைக்காடு இயல்பில் எரியாத காடு. தரையில் கிடக்கும் இலைச் சருகு ஆண்டு முழுக்க ஈரம் காயாமல் இருக்கும். மேலே கிளைகள் பின்னிய கூரை வெயிலை உள்ளே விடாது. வறட்சி மிகுந்த ஆண்டில், பக்கத்து மேய்ச்சல் நிலத்தில் வைத்த தீ இந்தக் காட்டுக்குள் நுழைந்தாலும் அது உயர எழும்பாது. முழங்கால் உயரத்தைக்கூடத் தொடாத மெல்லிய தீக்கோடு ஒன்று, சருகைத் தின்றபடி மெதுவாக நகரும். ஒரு நாளில் சில நூறு மீட்டர் போகும். பக்கத்தில் நிற்பவர் அதைத் தாண்டிக் குதித்துவிடலாம். மரங்கள் பச்சையாகவே நிற்கும். மேலிருந்து பார்க்கும் செயற்கைக்கோளுக்குப் பல சமயம் அது தெரியவே தெரியாது.

ஆனால் அந்தத் தாழ்ந்த தீ கொல்லும். நெருப்பையே அறியாமல் வளர்ந்த மரங்கள் இவை; பலவற்றின் பட்டை ஒரு விரல் தடிமன்கூட இராது. அடிமரத்தை ஒட்டி நின்று மெல்ல எரியும் தீயின் சூடு பட்டையைக் கடந்து உயிர்த்திசுவை வேகவைத்துவிடும். உடனே ஒன்றும் நடக்காது. அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் மரங்கள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போகும். பட்ட மரம் விழுந்த இடைவெளியில் வெயில் தரைக்கு இறங்கும், சருகு காயும், அடுத்த தீக்கு அது எரிபொருள். இரண்டாம் முறை வரும் தீ முதல் தீயைப் போலத் தாழ்ந்து இருக்காது. இதைப் படம் பிடித்து எந்த ஆசிரியரிடம் கொடுத்தாலும், நெருப்பே தெரியவில்லையே என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

*

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். அமேசானில் அந்த நெருப்புக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. அது வெட்டு.

ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் நாம் பார்க்கும் பெருந்தீயில் கணிசமானது நிற்கும் காட்டின் தீ அன்று. வெட்டிச் சாய்த்துக் காயப்போட்ட மரக் குவியலின் தீ. தொடக்கம் பல ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கும். முதலில் விலை போகும் மரத்துக்காக ஒரு பாதை திறக்கும். இப்பே, மகோகனி போன்ற மரங்களைத் தேடித் தேடி வெட்டி லாரியில் ஏற்றுவார்கள். சுற்றிலும் நூற்றுக்கணக்கான மரங்கள் நிற்பதால் காடு வெளிப்பார்வைக்கு முழுதாகவே தெரியும். அடுத்து, ஏதோ ஓர் ஆண்டு மழை ஓயும் மே, ஜூன் மாதங்களில் இயந்திர ரம்பங்கள் உள்ளே போகும். தென்விளிம்பின் சில பகுதிகளில் இரண்டு டிராக்டர்களுக்கு நடுவே கப்பல் நங்கூரச் சங்கிலி போன்ற கனத்த சங்கிலியைக் கட்டி இழுப்பார்கள். இடையில் நின்றதெல்லாம் வேரோடு சாயும். சாய்ந்தவை இரண்டு மூன்று மாதம் வெயிலில் கிடக்கும். பச்சை மரம் எரியாது என்பது வெட்டுகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். காய்ந்த பிறகு தீ வைப்பார்கள். முதல் மழைக்குப் புல்விதை தூவுவார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பிராக்கியாரியா புல். கம்பி வேலி வரும், மாடு வரும். அமேசானில் அழிந்த காட்டில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இன்று மாட்டு மேய்ச்சல்.

அந்த மாடு பெரும்பாலும் பாலுக்காகவோ கறிக்காகவோ மட்டும் அங்கே நிற்பதில்லை. நிலம் என்னுடையது என்று காட்டுவதற்காக நிற்கிறது. அமேசானில் பல கோடி ஏக்கர் பொதுக்காடு இன்னும் எந்த வகைப்பாட்டிலும் சேராமல் கிடக்கிறது. அதை வெட்டி, எரித்து, மாடு விட்டு, பிறகு ஆவணம் தயாரித்து விற்றுவிடுவது தனித் தொழில். அதற்கு பிரேசிலில் 'கிரிலாஜெம்' என்று பெயர். 'கிரிலோ' என்றால் சில்வண்டு. புதிதாக எழுதிய போலிப் பத்திரத்தைச் சில்வண்டுகளோடு ஒரு பெட்டியில் போட்டு மூடிவைப்பார்களாம். சில வாரங்களில் பூச்சியின் எச்சம் பட்டுத் தாள் மஞ்சளாகும், ஓரங்கள் அரிபடும், பாட்டனார் காலத்துப் பத்திரம் போல ஆகிவிடும். இப்போது சில்வண்டு தேவையில்லை. கிராமப்புற நிலங்களுக்கான சுற்றுச்சூழல் பதிவேடு ஒன்று இணையத்தில் இருக்கிறது. உரிமையாளர் தானே எல்லை வரைந்து பதியலாம். அது பட்டா ஆகாது என்று சட்டம் சொன்னாலும், பொதுக்காட்டின் மேல் அப்படி வரைந்த எல்லைகள் ஏராளம்.

ஆக, காடு சாகும் இடங்கள் இவை: மரம் ஏற்றும் பாதை, பத்திரம் எழுதும் மேசை, ஜூன் மாதத்து ரம்பம். இவற்றில் ஒன்றுகூட நடந்த அன்றைக்குச் செய்தியாவதில்லை. ஒவ்வொன்றும் சிறியது, அரசு அலுவலகத்துக்கும் விமான நிலையத்துக்கும் வெகுதூரத்தில் நடப்பது, இன்று நடந்தது நாளைக்கும் நடப்பது. செய்திக்கு ஒரு நாள் வேண்டும், ஓர் இடம் வேண்டும், ஒரு படம் வேண்டும். தீ மூன்றையும் தருகிறது. அதனாலேயே தீயோடு செய்தி தொடங்கி, மழையோடு முடிந்துவிடுகிறது. நம் தமிழ்ப் பத்திரிகைகள் அதை 'காட்டுத் தீ' என்று எழுதும்போது இன்னொரு பிழையும் சேர்கிறது. காட்டுத் தீ என்றதும் இடியாலோ மூங்கில் உரசலாலோ தானாகப் பற்றியது போல ஓர் எண்ணம் வருகிறது. ஈரமான அமேசானில் தானாகப் பற்றும் தீ மிக அரிது. தீக்குச்சியைக் கிழித்த கை ஒன்று உண்டு, அந்தக் கைக்குப் பின்னால் நில விலை உண்டு.

*

இந்த மெதுவான சாவைப் பார்க்கத் தெரிந்த கண் ஒன்று 1988 முதல் இருக்கிறது. சாவ் பாவ்லோ மாநிலத்தின் சாவ் ஜோசே தோஸ் காம்போஸ் நகரில் உள்ள பிரேசிலின் விண்வெளி ஆய்வு நிறுவனம், சுருக்கமாக 'இன்பே'. அதன் 'புரோடெஸ்' திட்டம் செயற்கைக்கோள் படங்களை ஆண்டுதோறும் ஒப்பிட்டு, முழுமையாக வெட்டி அழிந்த காட்டை அளக்கிறது. மேகம் குறைந்த மாதங்களின் படங்கள்தான் தெளிவாக இருக்கும் என்பதால் கணக்கு ஆகஸ்டில் தொடங்கி அடுத்த ஜூலையில் முடியும். பயிற்சி பெற்றவர்கள் திரையின் முன் உட்கார்ந்து, சென்ற ஆண்டு பச்சையாக இருந்து இந்த ஆண்டு வெளிறிய துண்டுகளைச் சுற்றி எல்லை வரைகிறார்கள். 2004 முதல் 'டெட்டர்' என்ற இன்னொரு ஏற்பாடு, வெட்டு நடக்கும் போதே வனக் காவலர்களுக்கு எச்சரிக்கை அனுப்புகிறது. பெரிய சாலைகளை ஒட்டி இருபுறமும் கிளை பிரிந்து போகும் வெட்டுகள் அந்தப் படங்களில் மீன்முள் மாதிரி இருக்கும். ரொண்டோனியா மாநிலத்தில் 1980களில் நெடுஞ்சாலைக்குத் தார் போட்ட பிறகு அந்த மீன்முள் விரிந்த விதத்தை வரிசையாகப் பார்த்தால், ஒரு சாலை என்ன செய்யும் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

இன்பே எண்களுக்குள் ஒரு பெருங்கதை இருக்கிறது. 2004இல் ஓராண்டில் அழிந்தது 27,772 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் கூட. 2012இல் அது 4,571. எட்டே ஆண்டில் ஆறில் ஒரு பங்காகக் குறைந்தது! இது தானாக நடக்கவில்லை. மரினா சில்வா சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்தபோது 2004இல் ஒரு செயல்திட்டம் வந்தது. டெட்டர் எச்சரிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரிகள் ரம்பம் ஓடும் இடத்துக்கே போனார்கள். கோடிக்கணக்கான ஏக்கர் காடு பாதுகாப்பு வளையத்துக்குள் வந்தது. 2006இல் சோயா வணிகர்கள், புதிதாக அழித்த நிலத்தில் விளைந்த சோயாவை வாங்குவதில்லை என்று ஒப்பந்தம் செய்தார்கள். 2008இல் மத்திய வங்கி, சுற்றுச்சூழல் சட்டத்துக்கு உட்படாத பண்ணைக்கு வேளாண் கடன் கிடையாது என்றது. அந்த ஆண்டுகளில் உலகில் எங்கும் நடந்த காலநிலைச் செயல்களில் இதைவிடப் பெரிய வெற்றியைக் காட்டுவது கடினம். ஆனால் எரியாத காட்டை எந்தக் கேமராவும் படம் பிடிப்பதில்லை. அமேசான் என்றால் அழிவு என்று மட்டுமே கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறைக்கு, அதைத் தடுத்து நிறுத்த முடிந்தது, எப்படி என்பதும் தெரியும் என்ற செய்தி போய்ச் சேரவில்லை. இதை நான் பெரிய இழப்பாக நினைக்கிறேன். ஒன்றும் செய்ய முடியாது என்று நம்புகிறவர் ஒன்றும் செய்ய மாட்டார்.

எண்களைக் கண்டு அஞ்சியவர்களும் இருந்தார்கள். 2019 ஜூலை 19 அன்று அதிபர் பொல்சொனாரோ, இன்பேயின் எண்கள் பொய் என்று வெளிநாட்டுச் செய்தியாளர்களிடம் சொன்னார். நிறுவனத்தின் இயக்குநர் ரிக்கார்தோ கல்வாவ் என்ற இயற்பியலாளர். மறுநாளே அதை வெளிப்படையாக மறுத்து, தன் விஞ்ஞானிகளின் பக்கம் நின்றார். ஆகஸ்ட் 2 அன்று பதவி போயிற்று. சாவ் பாவ்லோ இருள்வதற்குப் பதினேழு நாள் முன்பு. அந்த ஆண்டின் இறுதிக் கணக்கு வந்தபோது அது 10,129 சதுர கிலோமீட்டர், பத்தாண்டுகளில் இல்லாத அளவு. 2021இல் அது 13,000ஐயும் தாண்டியது. அக்டோபர் 27 தேதியிட்டுத் தயாராக இருந்த அந்த அறிக்கை, கிளாஸ்கோ காலநிலை மாநாடு முடிந்த பிறகு, நவம்பர் 18 அன்றுதான் வெளிவந்தது.

*

2019 ஆகஸ்டில் அமேசானில் இன்பே கணக்கிட்ட தீப்புள்ளிகள் 30,900. உலகம் கொந்தளித்தது. 2022 ஆகஸ்டில் அதே கணக்கு 33,116. அந்த ஆண்டு சாவ் பாவ்லோ மதியத்தில் இருளவில்லை. உலகின் கண் உக்ரைன் மீது இருந்தது. 2024 ஆகஸ்டில் 38,266. 2010க்குப் பிறகு எந்த ஆகஸ்டிலும் இத்தனை இல்லை. 2019இல் படம் அனுப்பிய என் குடும்பக் குழுவில் அந்த மாதம் அமேசான் என்ற சொல்லே வரவில்லை. பின்னோக்கிப் போய்த் தேடிப் பார்த்தேன்.

2024 இன்னொரு பாடமும் வைத்திருக்கிறது. அந்த ஆண்டு புரோடெஸ் கணக்கில் அமேசான் காடழிப்பு 30 சதவீதம் குறைந்து 6,288 சதுர கிலோமீட்டருக்கு வந்தது. சில மாதங்கள் கழித்து அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் கணக்கு வெளியானது: 2024இல் வெப்பமண்டல முதுகாடுகள் உலகளவில் 67 லட்சம் ஹெக்டேர் இழந்தன, முந்தைய ஆண்டைப் போல ஏறக்குறைய இரு மடங்கு, பிரேசிலில் மட்டும் 28 லட்சம். குறைந்தது என்று ஒரு தலைப்பு, இரட்டித்தது என்று மறு தலைப்பு. இரண்டையும் படித்தவர் யாரோ பொய் சொல்கிறார்கள் என்று முடிவு கட்டியிருப்பார். இரண்டும் உண்மை. புரோடெஸ் அளப்பது வெட்டி மொட்டையாக்கிய காட்டை. மேரிலாண்ட் கணக்கு, தீயில் மரக்கூரை இழந்த காட்டையும் சேர்க்கிறது. இரண்டின் ஆண்டுக் கணக்கும் வேறு. ஒன்று ஜூலையில் முடிகிறது, மற்றொன்று டிசம்பரில். 2023, 2024 ஆண்டுகளின் வறட்சியில் மனாவுஸ் நகரை ஒட்டி ஓடும் ரியோ நெக்ரோ ஆறு, 1902இல் அளவெடுக்கத் தொடங்கியதிலிருந்து கண்டிராத அளவுக்குத் தாழ்ந்தது. ரம்பம் குறைந்த அதே நேரத்தில், முன்பு மெலிந்துபோன காடு தீயில் விழுந்தது. ஒரே எண்ணுக்குள் அடங்காத இந்த விஷயத்தை விளக்க நான்கு வரி போதும். அந்த நான்கு வரிக்குத்தான் பெரும்பாலும் இடம் கிடைப்பதில்லை. நிமிடத்துக்கு இத்தனை கால்பந்து மைதானம் என்ற ஒப்புமைக்குக் கிடைக்கிறது. மைதானக் கணக்கு, எவ்வளவு என்று சொல்லும். எங்கே, யாருடையது, எதற்காக என்று சொல்லாது.

இப்படி வசதிக்காகப் பரவிய தொடர்களில் மிகப் பெரியது 'உலகின் நுரையீரல்'. பூமியின் ஆக்சிஜனில் 20 சதவீதத்தை அமேசான் தருகிறது என்று மக்ரோன் எழுதினார். நம் பாடப்புத்தகப் பேச்சிலும் மேடைகளிலும் இதைக் கேட்டிருப்பீர்கள். நான் பள்ளிப் பிள்ளைகளிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். அது தவறு. பகலில் மரம் ஆக்சிஜனை வெளிவிடுவது உண்மை. ஆனால் அதே மரம் இரவும் பகலும் சுவாசிக்கிறது. உதிர்ந்த இலையையும் விழுந்த மரத்தையும் தின்னும் பூஞ்சையும் நுண்ணுயிரும் கறையானும் சுவாசிக்கின்றன. முதிர்ந்த காட்டில் உண்டாவதும் செலவாவதும் ஏறத்தாழச் சமம். மிஞ்சுவது பூஜ்யத்தை ஒட்டியது. நம் காற்றில் உள்ள 21 சதவீத ஆக்சிஜன் கோடானுகோடி ஆண்டுகளில், பெரும்பங்கு கடல் நுண்ணுயிர்களால் சேர்ந்த இருப்பு. உலகத்துத் தாவரங்கள் எல்லாவற்றையும் எரித்தாலும் அதில் ஒரு சதவீதம்கூடக் குறையாது.

நல்ல நோக்கத்துக்குச் சொன்ன பிழைதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று சிலர் சொல்வதுண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காட்டை வெட்ட விரும்புகிறவர் இந்த ஒரு வரியை எளிதாக உடைத்துக் காட்டி, மற்றதும் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியும். அதைவிட மோசம், உண்மையான காரணத்தை இந்தப் பிழை மறைத்துவிடுகிறது. உண்மையான காரணம் தண்ணீர்.

1970களில் எனேயாஸ் சலாத்தி என்ற பிரேசில் விஞ்ஞானி அமேசான் நெடுக மழைநீர் மாதிரிகளைச் சேகரித்தார். தண்ணீரில் சாதாரண ஆக்சிஜனோடு, சற்றே கனமான ஆக்சிஜன் அணு கொண்ட மூலக்கூறுகளும் கொஞ்சம் உண்டு. அட்லாண்டிக் கடலிலிருந்து மேகம் உள்நாட்டை நோக்கிப் போகப் போக, கனமானவை முதலில் மழையாக விழுந்துவிடும். எனவே கடலிலிருந்து தொலைவு கூடக் கூட மழைநீர் இலேசாகிக்கொண்டே போக வேண்டும். அமேசானில் அது எதிர்பார்த்த அளவுக்கு இலேசாகவில்லை. ஆயிரம் கிலோமீட்டர், இரண்டாயிரம் கிலோமீட்டர் உள்ளே போயும் கனமான தண்ணீர் பெய்துகொண்டிருந்தது. யாரோ அதைத் திரும்ப மேலே அனுப்புகிறார்கள்! மரங்கள்தான். வேர் உறிஞ்சிய மழைநீரை இலைகள் ஆவியாக வெளிவிட, அது மீண்டும் மேகமாகி, மேற்கே நகர்ந்து மீண்டும் பெய்கிறது. கடலில் கிளம்பிய ஒரு துளி ஆண்டிஸ் மலையைத் தொடுவதற்குள் ஐந்தாறு முறை விழுந்து எழுகிறது என்று சலாத்தி கணக்கிட்டார். ஒரு பெரிய மரம் ஒரு நாளில் ஆயிரம் லிட்டர் வரை ஆவியாக்கும். காடு முழுவதும் ஒரு நாளில் வானத்துக்கு அனுப்புவது சுமார் 2,000 கோடி டன் நீர் என்பது ஒரு மதிப்பீடு. உலகத்திலேயே பெரிய ஆறான அமேசான் ஒரு நாளில் கடலில் கொட்டுவதை விட அது அதிகம். ஆண்டிஸ் மலை தடுக்க, இந்த ஈரக்காற்று தெற்கே திரும்பி பிரேசிலின் வயல்கள்மீதும், அணைகள்மீதும், பராகுவே, அர்ஜென்டினாவின் சமவெளிகள்மீதும் பொழிகிறது. பிரேசில்காரர்கள் அதற்கு 'பறக்கும் ஆறுகள்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் மேற்கே உள்ள காட்டுக்கு மழை குறையும். விஞ்ஞானிகள் தாமஸ் லவ்ஜாய், கார்லோஸ் நோப்ரே இருவரும் 2018இல் எழுதியது இதைத்தான்: 20 முதல் 25 சதவீதக் காடு போய்விட்டால், மீதிக் காடு தன்னைத் தாங்கும் மழையைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாமல் பெரும்பகுதி புல்வெளியாகத் தேய்ந்துவிடலாம். ஏறத்தாழ 17 சதவீதம் ஏற்கெனவே போயிருந்தது. 2021இல் இன்பேயின் லூசியானா கட்டி குழுவினர் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு இன்னும் நெருக்கமானது. ஒன்பது ஆண்டுகள் சிறு விமானங்களில் காட்டுக்கு மேலே பறந்து, வெவ்வேறு உயரங்களில் குடுவைகளில் காற்றைப் பிடித்து அளந்தார்கள். கிட்டத்தட்ட 600 பறப்புகள். தென்கிழக்கு அமேசான், கரியை உள்வாங்குவதை விட அதிகமாக வெளிவிடும் நிலமாக மாறிவிட்டது என்று அந்தக் குடுவைகள் காட்டின. ஒரு காடு உறிஞ்சுவதை நிறுத்தி உமிழத் தொடங்கிய கணத்துக்குப் படம் கிடையாது.

*

சேதி காட்டுக்குள்ளிருந்து வந்த சமயங்களும் உண்டு. அதைக் கொண்டுவந்தவர்கள் கொடுத்த விலை பெரிது.

சிக்கோ மெண்டிஸ் ஒரு பால்வெட்டுத் தொழிலாளி. பிரேசிலின் மேற்குக் கோடியில் உள்ள ஆக்ரே மாநிலத்தில், இருட்டோடு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் போய் ரப்பர் மரத்தில் கீறல் போட்டுப் பால் எடுப்பவர். மலாயாத் தோட்டங்களில் பால்மரம் சீவிய நம் பாட்டன், பாட்டிகளும் அப்படித்தான் நெற்றி விளக்கோடு போனார்கள். மரமும் ஒன்றே. 1876இல் ஹென்றி விக்ஹம் என்ற ஆங்கிலேயர் அமேசானிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். முளைத்த கன்றுகளில் பெரும்பாலானவை இலங்கைக்கு வந்தன, அந்த வம்சம் மலாயாவுக்குப் பரவியது. ஒரு வேறுபாடு உண்டு. அமேசானில் இலைக்கருகல் நோய் இருப்பதால் ரப்பரை நெருக்கித் தோட்டமாக வைக்க முடியாது. மரங்கள் காட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பிழைக்கும். எனவே அங்கே பால்வெட்டுக்காரருக்குச் சோறு வேண்டுமென்றால் முழுக் காடும் நிற்க வேண்டும். ரம்பங்கள் வந்தபோது சிக்கோவும் தோழர்களும் பெண்களும் பிள்ளைகளும் வரிசையாகப் போய் மரங்களுக்கு முன்னால் நின்றார்கள். வெளிநாட்டுப் பத்திரிகைகள் அவரை அறிந்திருந்தன, 1987இல் ஐ.நா. விருது கொடுத்தது. 1988 டிசம்பர் 22 அன்று, 44ஆம் பிறந்தநாளுக்கு ஒரு வாரம் கழித்து, ஷாப்பூரி ஊரில் தன் வீட்டுப் பின்வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். பண்ணையார் ஒருவரும் அவர் மகனும் 1990இல் தண்டனை பெற்றார்கள். 2004இல் காடழிப்பைத் தடுக்கும் திட்டத்தைக் கொண்டுவந்த மரினா சில்வா, அதே ஆக்ரேயில் பால்வெட்டுக் குடும்பத்தில் பிறந்து சிக்கோவோடு அந்த வரிசையில் நின்றவர்.

2022 ஜூன் 5 அன்று அமேசானின் ஜவாரி பள்ளத்தாக்கில், படகில் போய்க்கொண்டிருந்த பிரிட்டிஷ் செய்தியாளர் டாம் பிலிப்ஸும் பழங்குடிகளின் தோழர் புரூனோ பெரேராவும் கொல்லப்பட்டார்கள். டாம் எழுதிக்கொண்டிருந்தது, அமேசானை எப்படிக் காப்பாற்றலாம் என்பது பற்றிய புத்தகம். அழிவைப் பற்றி மட்டும் எழுதாமல், வழி தேடிப் போன செய்தியாளர். பாதியில் நின்றதை அவருடைய நண்பர்கள் முடித்து 2025இல் வெளியிட்டார்கள். மனாவுஸில் 2013 முதல் 'அமேசோனியா ரியல்', அல்தமிராவில் 2022 முதல் 'சுமாஉமா' என்று காட்டுக்குள்ளிருந்தே எழுதும் இதழ்கள் வந்திருக்கின்றன. ஜூன் மாதத்து ரம்பம் அவர்களுக்குக் கேட்கும் தூரத்தில் இருக்கிறது.

2019இலும் கேட்ட ஒருவர் இருந்தார். பாரா மாநிலத்தில், பி.ஆர்.163 நெடுஞ்சாலையோரம் நோவோ புரோக்ரெசோ என்ற சிற்றூர். அங்கே 'ஃபோல்யா தோ புரோக்ரெசோ' என்ற உள்ளூர்ப் பத்திரிகை வருகிறது. ஆகஸ்ட் 5 அன்று அது ஒரு செய்தி வெளியிட்டது: வட்டாரத்துப் பண்ணைக்காரர்கள் ஆகஸ்ட் 10ஆம் தேதியைத் தீ வைக்கும் நாளாகக் குறித்திருக்கிறார்கள், தாங்கள் உழைக்க விரும்புகிறவர்கள் என்று அதிபருக்குக் காட்டப் போகிறார்கள். தேதி, ஊர், நோக்கம் எல்லாம் அதில் இருந்தது. அரசு வழக்கறிஞர்கள் சுற்றுச்சூழல் காவல் அமைப்பை எச்சரித்தார்கள். காவல்துறையின் துணை கிடைக்கவில்லை என்ற பதில் 12ஆம் தேதி வந்தது. செய்தியை எழுதியவருக்குக் கொலை மிரட்டல் வந்தது. ஆகஸ்ட் 10 அன்று அந்த வட்டாரத்தில் செயற்கைக்கோள் கண்ட தீப்புள்ளிகள் 124. மறுநாள் 203. சாவ் பாவ்லோவில் மதியம் மூன்று மணிக்கு விளக்குப் போட்டது, அதற்கும் எட்டு நாள் கழித்து.